குறவன் குறத்திப் பொம்மைகளும் அவற்றைச் சேகரிப்போரும்

தமிழில் நாட்டுப்புறக் கலை பற்றிய ஆராய்ச்சி பெரிதும் பாட்டையும் கதையையும் கூத்தையும் சார்ந்தே வளர்ந்து வந்துள்ளது. கையால் வனையப்பெறும் பொருள்கள், அவற்றுள்ளும் ஆண்டில் ஒன்பது நாள் மட்டும் வெளிவந்து எஞ்சிய நாளெல்லாம் பழந்துணி சுற்றிப் பெட்டியில் கிடக்கும் கொலுப் பொம்மைகள், தமிழ்த்துறையினர் கருத்தை ஈர்த்தது மிகக் குறைவு. அக்குறையைப் பழம்பொருள் சேகரிப்போர் தம் போக்கில் நிரப்பி வருகின்றனர். வண்ணம் உதிர்ந்திருப்பதும் மூக்கு நுனி தேய்ந்திருப்பதும் அவர்களுக்குக் குறைகள் அல்ல. பழமையின் அடையாளம் எனக் காட்டி விலையை ஏற்றுவதற்கு அவையே துணை.

புதுவையில் பழம்பொருட் கடையொன்றில் குறவன் குறத்தி இணைப்பொம்மை ஒன்றைக் கண்டு துறைக்கென வாங்கினோம். நான்காயிரம் உரூபா விலை. பொம்மையின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில், குறவர் இனம், தென்னார்க்காடு, கைவேலை என மூன்று செய்திகள் எழுதப்பட்டிருந்தன. மூன்றாவது செய்தி ஐயத்திற்கு இடமற்றது. இரண்டாவது பெரும்பாலும் உண்மையாகலாம். முதலாவது செய்தியே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம். ஒரு பொம்மை ஓர் இனத்துக்குச் சான்றாகுமா? ஆகாதெனின் அஃது எதற்குச் சான்று? சேகரிப்போரும் அருங்காட்சியகத்தாரும் நம் மாணவரும் இவ்வினாவை எழுப்பாமலே பொம்மைகளுக்குப் பெயர் எழுதி வருகின்றனர் என்பது எம் கருத்து.

முதலில் தொழிலை நோக்குவோம். விழுப்புரமும் அதனை அடுத்த பண்ணுருட்டியும் கொலுப் பொம்மைக்குப் பெயர் பெற்றவை. நவராத்திரிக்கு முன் இவ்வட்டாரப் பொம்மைகள் சென்னை மயிலாப்பூர்த் தெருக்கள் வரையிற் செல்கின்றன. களிமண்ணும் காகிதக் கூழும் இவற்றிற்கு மூலம். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனி அச்சு உண்டு. அச்சில் அழுத்தி எடுத்த இரு பாதிகளையும் பொருத்தி, உலர்த்தி, மண்ணாயின் சூளையிற் சுட்டு, வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டுவர். கண் எழுதுதல் இறுதி வேலை. இம்முறையில் இலக்கிய மாணவர் கருதத்தக்கது ஒன்று உண்டு. அச்சு ஒருமுறை அமைந்துவிட்டால் செய்தவன் காலத்துக்குப் பின்னும் நின்று பயன்படும். ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் மூலத்துப் பிழையையும் சேர்த்தே பெயர்த்தெழுதுமாறு போல, முதல் வனைந்தவன் கண்டதும் காணாததும் அச்சின்வழிப் பல தலைமுறைக்குச் செல்கின்றன. உருவிற்கு உரிய மக்கள் இதற்கிடையே உடை மாறுவர், தொழில் மாறுவர், ஊர் மாறுவர். அச்சு மாறுவதில்லை. ஏட்டுச் சுவடிக்குப் பாடபேதம் பார்க்கும் நாம் பொம்மையை மட்டும் நிழற்படம் போலக் கொள்வது வியப்பே.

யாம் வாங்கிய இணை ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட உயரம் உடையது. குறவன் தோளில் துப்பாக்கி. கையில் தலைகீழாகத் தொங்கும் பறவை. தலையிற் சிவப்புத் துணி. குறத்தியின் இடுப்பிற் கூடை. கையில் குறிசொல்லும் கோல். கழுத்து நிறைய மணி. முதுகில் துணித்தூளியிற் பிள்ளை. இருவர் மேனியும் கருமை கலந்த பழுப்பு. அதே கடையில் அதே அளவினதாய் நின்ற இலக்குமியின் மேனி மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு. குறவனுக்கும் குறத்திக்கும் பற்கள் வெளியே தெரியுமாறு வாய் எழுதப்பட்டுள்ளது. இலக்குமியின் வாய் மூடியுள்ளது. பல் தெரியச் சிரிக்கும் உரிமை கொலுப்படியில் எல்லார்க்கும் இல்லை போலும்.

கொலுவில் ஓரறிவுயிர் முதலாக மேன்மேலும் அடுக்கி, மேற்படியில் தெய்வங்களை வைப்பது மரபு என்பர். தொல்காப்பிய மரபியல் கூறும் அறிவு வரிசையை இதனோடு ஒப்பிட்டு மகிழ்வாரும் உளர். அவ்வொப்பீடு ஓரளவே பொருந்தும். மரபியல் மக்களை ஆறறிவினர் என ஓரினமாக வைத்தது. கொலுவில் மனிதர் படியிற் செட்டியாரும் பாம்பாட்டியும் குறவனும் குறத்தியும் தொழிலாலும் சாதியாலும் பிரிந்து நிற்கின்றனர். அப்பொம்மைகளை வைத்து வணங்கும் வீட்டாரின் உரு மட்டும் பெரும்பாலும் அப்படியில் இராது. பார்ப்பவர் படிக்கு வெளியே நிற்கின்றனர். பார்க்கப்படுவோர் படிமேல் நிற்கின்றனர்.

இனி அடிச்சீட்டின் முதற்செய்திக்கு வருவோம். தமிழிலக்கியத்திற் குறவர் குறிஞ்சி நிலமக்கள். முருகன் மணந்த வள்ளி குறமகள். புறநானூற்றின் 157 ஆம் பாட்டைப் பாடியவர் குறமகள் இளவெயினி. நற்றிணையிலும் குறமகள் குறியெயினி பாடிய பாட்டு ஒன்று உண்டு. அஃதாவது, சங்க காலத்தில் குறமகள் பாடப்பட்டவள் மட்டும் அல்லள், பாடியவளும் ஆவாள். பிற்காலத்திற் குறம் என்னும் சிற்றிலக்கியமும் குறவஞ்சி நாடகமும் எழுந்தபொழுது அவள் பிறர் எழுதிய கூற்றைப் பேசும் பாத்திரமானாள். திரிகூட இராசப்பக் கவிராயர் 18 ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியிற் சிங்கி குறி சொல்கிறாள். சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். தஞ்சைச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியும் வேதநாயக சாத்திரியாரின் பெத்தலேகம் குறவஞ்சியும் இவ்வமைப்பையே தத்தம் பயனுக்கு வளைத்துக்கொண்டன. செஞ்சி வட்டாரத் தெருக்கூத்திலோ துரோபதையே குறத்தி வேடம் பூண்டு அத்தினாபுரத்திற்குக் குறிசொல்லச் செல்கிறாள். ஆங்குக் குறத்திக்கு உள்ள ஏற்றம் பெரிது. எதிர்வருவது அறிந்தவள் அவள். அரசமாதர் அவள்முன் கை நீட்டி அமர்வர். விடியும் வரை துரோபதையைக் குறத்தியாகக் கண்டு கைகூப்பிய ஊரார், பகலில் தம் தெருவுக்கு வரும் குறத்தியைத் திண்ணையில் அமரவிட்டிருப்பரா என்பது கேட்கத்தக்க வினா.

எம் இணையில் உள்ள கூடையும் கோலும் பறவையும் குறவஞ்சி மேடையிலிருந்து வந்தவை எனத் துணியலாம். துப்பாக்கியும் மணியும் ஆங்கிருந்து வந்தவை அல்ல. அவை நரிக்குறவர் எனவும் குருவிக்காரர் எனவும் வழங்கப்பெறும் வேறொரு மக்களுக்கு உரியவை. அவர்கள் பேசும் வாக்ரிபோலி இந்தோ ஆரிய மொழி. சீனிவாச வர்மா அதனை ஆராய்ந்து எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970 இல் வெளியிட்டது. குறவருட் பலர் வழங்கிய எருகலமோ தமிழுக்கு நெருங்கிய திராவிட மொழி. பெயரொற்றுமை அன்றி இவ்விரு மக்களுக்கும் குருதித் தொடர்போ மொழித் தொடர்போ இல்லை. குறவஞ்சிச் சிங்கனும் பறவை பிடிப்பவன் ஆதலால், குருவி சுடும் புதியவரை அவனாகவே கருதுவது பொம்மை வனைந்தோர்க்கு எளிதாயிற்று போலும். ஆகவே எம் இணைப்பொம்மையில் இருப்பது ஓர் இனம் அன்று. ஒரு நாடக மரபும் ஒரு நாடோடிக் குடியும் ஓருருவில் ஒட்டப்பட்டுள்ளன. அச்சின் இரு பாதிகளையும் ஒட்டிய தடத்தை வண்ணம் மறைக்கும். இந்த ஒட்டைப் பெயர் மறைத்தது.

இம்முடிபை ஏட்டளவில் நிறுத்தாமல், பொம்மையின் நிழற்படத்தைத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மணிமாலை விற்கும் நரிக்குறவ மூதாட்டி ஒருவரிடம் காட்டினோம். படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்து நெடிது நோக்கினார். துப்பாக்கி தம்மவருடையது என்றார். மணி கோத்த முறை பிழை என்றார். கூடை தம்மவருடையது அன்று, வேறு யாருடையதோ என்றார். கோலைச் சுட்டி, இஃது எதற்கு என்று எம்மையே வினவினார். குறி சொல்லுதற்கு என்றேமாக, தம்மிடம் அத்தொழில் இல்லை என மறுத்துவிட்டுப் பொம்மையின் விலையைக் கேட்டார். கூறினோம். படத்தைத் திருப்பித் தந்து, அடுத்து வந்த பேருந்தை நோக்கி மாலைகளுடன் எழுந்து சென்றார். எம் ஆய்வின் பெரும்பகுதி அக்கால் நாழிகையில் முடிந்தது என்பதை ஒளிக்க வேண்டுவது இல்லை.

பாம்பாட்டிப் பொம்மைக்கும் இதே கதி. தலைப்பாகையும் மகுடியும் இன்றி அப்பொம்மையைக் காண்டல் அரிது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களிற் பாம்பு பிடித்தலிற் கைதேர்ந்தவர் இருளர். அவர்கள் மகுடி ஊதுவதில்லை. தடம் பார்த்து, வளையைத் தோண்டிப் பிடிப்பர். 1978 இல் வடநெம்மேலியில் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவ்வறிவைக் கொண்டே பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருகின்றது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர் 2023 இல் பத்மசிறீ விருது பெற்றனர். மகுடிப் பொம்மையை வைத்துக்கொண்டு இவ்வட்டாரத்துப் பாம்பு பிடிப்போர் வாழ்வை எழுதப் புகுவோன் ஒன்றும் அறியான்.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படும். செட்டியார் பொம்மையும் ஒரு வார்ப்புத்தானே. சரிந்த வயிறும் முன்னே பரப்பிய தானியமும் நகைப்புக்கு உரியனவல்லவோ. அதனை யாரும் குறை கூறவில்லையே என்பர். உண்மை. செட்டியார் பொம்மையும் ஒரு சாதியை ஒரு வயிற்றுக்குள் அடக்கிவிடுகின்றது. ஆனால் அப்பொம்மையைக் கண்டவர் எவரும் வணிகரை ஊரெல்லையில் நிறுத்தவில்லை. காவலர் எவரும் அவர் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டவில்லை. ஓர் உருவம் இழிவா அன்றா என்பதை உருவத்தின் வளைவுகளை மட்டும் நோக்கித் தீர்த்தல் இயலாது. அவ்வுருவத்திற்கு உரியோர் வெளியே எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதையும் உடன்வைத்தே தீர்க்க வேண்டும்.

குறவர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பது பதிவில் உள்ளது. 1871 இல் வடநாட்டிற் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அச்சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டோருட் குறவரும் அடங்குவர். குறவருட் பலர் கழுதைகளிலும் மாடுகளிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர்தோறும் வணிகம் செய்தவர்கள் என்பதையும், அரசின் உப்புக் கொள்கையும் இருப்புப்பாதையும் அவ்வணிகத்தை அழித்தன என்பதையும் மீனா இராதாகிருட்டிணா 2001 இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரித்துக் காட்டியுள்ளார். உப்புப் பொதியோடு செல்லும் குறவர் பொம்மை ஒன்றையும் யாம் இதுகாறும் கண்டிலேம். அவர்தம் உண்மைத் தொழில் அச்சேறவில்லை. எட்கர் தர்சுடன் சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்து மக்களின் மூக்கையும் தலையையும் கருவிகொண்டு அளந்தார். அவர் இரங்காச்சாரியார் துணையோடு 1909 இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளும் இன்றும் மேற்கோளாக வழங்குகின்றன. பொம்மை வனைந்தோன் கண்ணும் அளவுகோல் பிடித்தோன் கண்ணும் வெவ்வேறு. ஆயினும் ஒரு குடிக்கு ஒரு முகம் போதும் என்னும் கருத்து இருவர்க்கும் பொது.

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947 இலும், நாடு முழுவதும் 1952 இலும் நீக்கப்பட்டது. ஐயம் நீங்கியதா? திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியின் முயற்சியால் 1996 இற் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் தோன்ற வேண்டியிருந்தது. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரிலேதான் நிறைவேற்றியது. குறவன் குறத்தி ஆட்டம் என்னும் பெயரில் கரகாட்ட மேடைகளில் நிகழ்ந்த இழிவான ஆட்டம் பற்றிய வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2023 இல் தலையிட்டது. அவ்வாண்டே தமிழ்நாட்டரசு அவ்வாட்டத்தைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது. மேடைக்கு வந்த தடை பொம்மைக்கு வரவில்லை. வர வேண்டும் என்று யாம் கேட்கவும் இல்லை. ஆயினும் ஆட்டத்தில் இழிவு எனப்பட்ட அதே சிரிப்பையும் அதே உடையையும் கடைக்காரர் சீட்டெழுதி விற்கும்பொழுது, அவற்றைக் களங்கமற்ற நாட்டுப்புற அழகு எனக் கூறிவிட்டு நகர முடியாது.

சேகரிப்போர் கூறும் விடைகள் சில. பழையது என்பது முதல் விடை. 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகும். அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தல் குற்றம். ஆண்டுக் கணக்கு உடைமையாளனின் கடமையை வரையறுக்கும். பொருளின் கருத்தை அன்று. கலை என்பது இரண்டாம் விடை. இதனை யாம் முழுதும் உடன்படுகின்றோம். எம் இணையில் குறத்தியின் தோள் பின்னோக்கி வளைந்து, பிள்ளையின் எடையை இடுப்பு தாங்கி நிற்கும் நிலை, உற்று நோக்கிய ஒருவனால் அன்றி வனையப்பட்டிராது. அந்நிலையிற் பொய்யில்லை. முகத்தில்தான் பொய் உள்ளது. உடலைத் தெருவிற் கண்டவன் முகத்தை மேடையிற் கண்டான் எனலாம். தீய எண்ணம் இல்லை என்பது மூன்றாம் விடை. இருக்கலாம். வனைந்த குயவரும் தர்சுடன் தொகுதிகளில் அடுக்கப்பட்டவரே. கேட்டவர்க்குக் கேட்டதைச் செய்து விற்றார். அவரைக் கூண்டில் ஏற்றுவது ஆராய்ச்சி ஆகாது.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைமுறையும் அதன்பின் வந்த ஒதுக்கல் முறையும் நிலவிய காலத்தில், கறுப்பின மக்களைத் தடித்த உதடும் உருண்ட கண்ணுமாகக் காட்டும் பொம்மைகளும் சாடிகளும் எண்ணிறந்தன தோன்றின. இன்று அவற்றைத் தேடி வாங்குவோர் பலர். அவருட் கறுப்பினத்தாரும் உளர். டேவிட் பில்கிரிம் என்னும் சமூகவியலறிஞர் இளமையில் அத்தகைய பொருள் ஒன்றை வாங்கி, விற்றவன் முன்னேயே தரையிலிட்டு உடைத்தார். பின்னர் உடைப்பதை விடுத்துச் சேர்க்கத் தொடங்கி, தம் தொகுப்பை 1996 இல் மிச்சிகன் மாநிலத்துப் பெர்ரிசு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். அவை ஆங்கு ஒதுக்கல் முறைச் சட்டங்களோடும் வன்கொலைச் செய்திகளோடும் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. தனியே நின்றால் வேடிக்கை. சட்டத்தின் அருகே நின்றால் சான்று.

எட்சுபீல்டு என்னும் தென் கரோலினா ஊர்ச் சாடிகளின் வரலாறு வேறு. 19 ஆம் நூற்றாண்டின் இடையில் ஆங்கு அடிமைகளாக இருந்த குயவர் முகமுடைய சாடிகளை வனைந்தனர். வெண்ணிறக் கண்ணும் பல்லும் வெளித்தெரியும் அம்முகங்களைக் கேலியுருவம் எனக் கொண்டோரும் இருந்தனர். வனைந்தோர் யாவர் என ஆராய்ந்தபின், அவை அக்குயவர் தமக்கெனச் செய்தவையாதல் கூடும் என்னும் கருத்து வலுப்பெற்றது. அவ்வூரிலேயே டேவ் என்னும் அடிமைக் குயவர் தம் சாடிகளிற் பெயரையும் பாவடிகளையும் பொறித்து வைத்தார். வனைந்தவன் யார் என்பது தெரிந்தவுடன் உருவத்தின் பொருளே மாறியது காண்க.

அமெரிக்க ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தகாது. எம் குறத்தி அடிமைச் சந்தையிற் பிறந்தவள் அல்லள். வள்ளியின் பெயரும் துரோபதையின் வேடமும் அவளுக்குப் பின்னால் நிற்கின்றன. இழிவும் ஏற்றமும் ஒரே களிமண்ணிற் குழைந்திருப்பதுவே நம் பொம்மையின் இடர். அதனால்தான் இவற்றை அழித்துவிடுக என்போரோடும் யாம் உடன்படவில்லை. அழித்தால் நரிக்குறவர்க்கோ குறவர்க்கோ இழப்பு ஒன்றும் இல்லை. அவர்களைப் பார்த்தவர்கள் எவ்வாறு பார்த்தனர் என்பதற்கு உள்ள சான்றே அழியும். அஃது அழிவது பார்த்தவர்க்கே வசதி.

துறைத் தொகுப்பில் எம் இணைக்கு உரிய அட்டையைத் திருத்தி எழுதினோம். இனம் என்னும் கட்டத்தில் இருந்த 'குறவர்' என்பதை அடித்துவிட்டு, 'குறவன் குறத்தி என்னும் பெயரில் விற்கப்பட்டது. கூடையும் கோலும் குறவஞ்சி நாடக மரபு. துப்பாக்கியும் மணியும் நரிக்குறவரைக் கண்டு வனைந்தவை' எனக் குறித்தோம். திண்டிவனத்து மூதாட்டியார் கூறிய நான்கு செய்திகளும், மணி கோத்த முறை பிழை என்பது உட்பட, அவர் விருப்பப்படி பெயரின்றிச் சேர்க்கப்பட்டுள்ளன. வாங்கிய விலையும் எழுதப்பட்டுள்ளது. வனைந்தவர் பெயர் என்னும் கட்டம் வெறுமையாக உள்ளது. அதற்கென விழுப்புரத்துப் பொம்மைத் தொழிலாளர் தெருக்களில் அச்சுகளை ஒப்பிட்டுப் பார்த்து வருகின்றோம். குறத்தியின் பின்பாதி அச்சோடு பெரிதும் ஒத்த ஒன்று ஒரு வீட்டுப் பரணிற் கிடைத்துள்ளது, முன்பாதி இன்னும் கிடைத்திலது.